கம்ப்யூட்டருக்கு இரும்புச் சட்டை... எர்த் பத்திரம்!

பழைய ஃபேக்டரி மெஷின் மாதிரி, போல்ட் தெரியும் இரும்பு கேபினட்டில் உங்கள் கம்ப்யூட்டரைக் குடிவைக்க ஆசையா? அழகு இருக்கட்டும், முதலில் பாதுகாப்பு!

அளவு: ஏ.டி.எக்ஸ் மதர்போர்டு 305 x 244 மி.மீ, 120 மி.மீ ஃபேனுக்குத் துளை இடைவெளி 105 மி.மீ. அட்டையில் வெட்டிப் பார்த்துவிட்டு, 1 மி.மீ இரும்புத் தகட்டில் கைவையுங்கள்.

பட்டறை: வெட்டு, துளை, வெல்டிங் எல்லாம் பாகங்களைப் பொருத்தும் முன்பே முடியட்டும். சின்ன இரும்புத் துகள்கூட மதர்போர்டை ஷார்ட் ஆக்கிவிடும். ஓரப் பிசிறை அரத்தால் ராவுங்கள். ஜி.ஐ தகடு வேண்டாம். வெல்டிங்கில் கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்கவைத்துவிடும்.

பெயின்ட்: உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். காய்ந்ததும் மெல்லிய கோட்டிங்காக ஸ்ப்ரே.

எர்த்: இதுதான் பலர் மறப்பது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பவர் சப்ளை திருகும் இடத்திலும், தகடுகள் சேரும் இடத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரும்பை வெறுமையாக விடுங்கள். கடைசியில், பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் எர்த் பின்னையும் கேபினட்டையும் மல்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள். 'பீப்' வந்தால்தான் சுவிட்சைப் போட வேண்டும். கேபினட்டை முதலில் தொடுவது உங்கள் வீட்டுச் சுட்டியாகவும் இருக்கலாமே!