மாணவர் கட்டுரைகளுக்கு ஒரு வக்காலத்து

அமெரிக்கக் கிளாசிக் நாவல்களைப் படித்துவிட்டு மாணவர்கள் எழுதும் கட்டுரைகள் மீது இலக்கியவாதிகளுக்கு ஓர் இளக்காரம் உண்டு. இனவெறி, வறுமை, முதலாளித்துவம் என்று தலைப்புப் போட்டுக்கொண்டு நாவலுக்குள் சமூக விமர்சனம் தேடுகிறார்களாம். அந்தக் குறைகள் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டனவாம். பிரசாரத்தைக் கலை என்று நம்பிவிடுகிறார்களாம், எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்களாம். போதாக்குறைக்கு, இன்றைய அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய எழுத்தாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்களாம். அமெரிக்க இலக்கியம் ஒரு தாளாக இருக்கும் நம் கல்லூரிகளிலும் இதே பேச்சைக் கேட்கலாம். சொல்கிறவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருப்பதால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

குறைகள் தீர்ந்துவிட்டன என்பதற்கு எல்லோரும் காட்டும் சான்று அப்டன் சின்கிளேரின் 'தி ஜங்கிள்'. அது நூலாக வந்தது 1906இல். அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்திலும் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டத்திலும் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். நாவல் வந்தது, சட்டம் வந்தது, வேலை முடிந்தது என்பது வாதம். நாவலை முழுதாகப் படித்த மாணவர் இப்படிச் சொல்லமாட்டார். லிதுவேனியாவிலிருந்து சிகாகோவுக்கு வந்து இறைச்சி ஆலையில் கூலியாகச் சேரும் யுர்கிஸ் ருட்குஸின் கதை அது. வேலையில் அடிபட்டுப் படுத்தால் கூலி கிடையாது. தவணையில் வாங்கிய வீட்டுப் பத்திரத்துக்குள் வட்டி ஒளிந்திருக்கும். மனைவியைப் பலவந்தப்படுத்திய மேலாளனைத் தாக்கினால், தாக்கியவன்தான் சிறைக்குப் போவான். கெட்டுப்போன இறைச்சியைப் பற்றிய பக்கங்கள் இதில் சொற்பம். அமெரிக்கத் தொழிலாளர்களுக்கென்றே நூலைக் காணிக்கையாக்கியிருந்தார் சின்கிளேர். மக்களின் நெஞ்சைக் குறிவைத்தேன், வயிற்றில் பட்டுவிட்டது என்று பிற்பாடு அவரே நொந்துகொண்டார். சாப்பிடுகிறவருக்குச் சட்டம் கிடைத்தது; இறைச்சி வெட்டியவனுக்கு அந்த ஆண்டில் எதுவும் கிடைக்கவில்லை.

ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' கதையும் இப்படித்தான். ஒக்லஹோமாவில் நிலம் பறிபோய்க் கலிஃபோர்னியாவுக்குப் பழம் பறிக்கப் போகும் ஜோட் குடும்பத்தைப் பற்றிய இந்த நாவல் 1939இல் வெளிவந்தது. சில மாதங்களிலேயே கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டி நிர்வாகம் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் அதை விலக்கிவைத்தது. தடை நீங்க 1941 ஆயிற்று. நாவல் வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1935இல், சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமையைத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் தொழிலாளருக்குத் தந்துவிட்டது. ஆனால் வயலில் வேலை செய்பவர் அந்தச் சட்டத்தின் கணக்கில் தொழிலாளர் அல்லர். கலிஃபோர்னியா தன் அளவில் 1975இல் ஒரு சட்டம் செய்துகொண்டது. அமெரிக்க மைய அரசின் சட்டத்தில் அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. ஜோட் குடும்பத்தின் வழக்கு பழைய வழக்கு என்பவர், தீர்ப்பு எந்த ஆண்டு வந்தது என்றும் சொல்ல வேண்டும்.

குறைகள் தீர்ந்துவிட்டன என்ற வாதத்தை அடியோடு சாய்ப்பது மார்க் ட்வைன்தான். அடிமை முறை 1865இல் ஒழிந்தது. 'ஹக்கிள்பெரி ஃபின்' அமெரிக்காவில் வெளிவந்தது 1885இல். சட்டத்தை மாற்றுவதுதான் சமூக விமர்சனத்தின் வேலை என்றால் ட்வைன் இருபது ஆண்டு தாமதம். அப்படியானால் எதை விமர்சித்தார்? நாவலின் கடைசி அத்தியாயங்களைப் பாருங்கள். தப்பியோடிய அடிமையான ஜிம்மை ஃபெல்ப்ஸ் பண்ணையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவனுடைய எஜமானி மிஸ் வாட்சன் தன் உயிலிலேயே அவனுக்கு விடுதலை எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போனாள். ஹக்கின் நண்பன் டாம் சாயருக்கு அது தெரியும். தெரிந்தும் மறைத்து, தான் படித்த சாகசக் கதைகளில் வருவதுபோல் எலி, பாம்பு, நூலேணி என்று 'மீட்பு' விளையாட்டு நடத்துகிறான். ஹெமிங்வே உட்பட எத்தனையோ பேர் இந்தப் பகுதியை நாவலின் குறை என்றார்கள். வகுப்பில் படிக்கும் மாணவர்களுக்கோ இங்கே கோபம்தான் வரும்: விடுதலையானவனை இன்னும் ஏன் கட்டிப்போட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்? 1877இல் தெற்கு மாநிலங்களைக் காவல்காத்த மைய அரசின் படைகள் விலகிக்கொண்டன; கறுப்பின மக்களின் குடியுரிமை காகிதத்தில் இருந்தது, நடைமுறையில் இல்லாமல் போனது. அந்த ஆண்டுகளில்தான் ட்வைன் இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தார். உயிலில் விடுதலை, கொட்டகையில் சங்கிலி. ஹெமிங்வே குறை என்று தள்ளியதை அந்தக் கோபம் சரியாகவே படித்துவிடுகிறது என்பேன்.

பிரசாரம் கலையாகாது என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதைச் சொல்பவர்கள் துணைக்கு அழைப்பது ஜேம்ஸ் பால்ட்வினை. 1949இல், இருபத்தைந்து வயது நிரம்பும் முன்பே, எதிர்ப்பு நாவல்களைக் கடுமையாகத் தாக்கி அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்', ரிச்சர்ட் ரைட்டின் 'நேட்டிவ் சன்' இரண்டுக்கும் அதில் அடி. ஆனால் நாவலில் சமூகம் வந்துவிட்டதே என்று அவர் அழவில்லை. மனிதனை ஒரு வகைமாதிரியாகச் சுருக்கிவிட்டார்கள் என்பதே அவர் முறையீடு. அடிமை முறை கொடியது என்று காட்டிய ஸ்டோ, மனிதர்களை அப்படிச் செய்ய வைத்தது எது என்று கேட்கவில்லையே என்றார். இது சமூக விமர்சனம் போதவில்லை என்ற குறை. பால்ட்வினைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அவர் சொன்னதை முழுவதும் கேட்பதில்லை.

பால்ட்வினோடும் ஓரிடத்தில் நான் முரண்படுவேன். 'நேட்டிவ் சன்' நாவலின் பிக்கர் தாமஸ், தாய், தங்கை, தம்பியோடு சிகாகோவின் தென்பகுதியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறான். கதை தொடங்குவதே அந்த அறைக்குள் ஓர் எலியை அடித்துக் கொல்வதில்தான். பிறகு டால்டன் என்ற செல்வர் வீட்டில் காரோட்டியாகச் சேர்கிறான். டால்டன் கறுப்பினக் கல்விக்குப் பணத்தை அள்ளிக் கொடுப்பவர். சிறுவர் மன்றத்துக்குப் பிங்பாங் மேசைகள் அனுப்புபவர். அந்த எலி அறைக்கு வாடகை வாங்கும் நிறுவனமும் அவருடையதே. கறுப்பினத்தவர் வேறு பகுதியில் வீடு எடுக்க முடியாது, ஆகவே வாடகை கூடுதல். குறைத்து வாங்கினால் என்ன என்று கேட்டால், போட்டியாளர்களுக்குத் துரோகம் செய்வதாகிவிடும் என்கிறார், மனசாட்சி உறுத்தாமல். நாவல் வெளிவந்த 1940இல்தான் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பினக் குடும்பம் சிகாகோவில் கறுப்பினத்தவருக்கு வீடு தரக்கூடாது என்ற ஒப்பந்தத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. வாடகையையும் நன்கொடையையும் ஒரே கை வாங்கிக் கொடுக்கிறது என்பதைக் கதையின் முடிச்சாகவே போட்டுவிட்டார் ரைட். இதில் கலை எங்கே முடிந்து பிரசாரம் எங்கே தொடங்குகிறது? பிரசாரம் வேண்டுமென்றால் வழக்கறிஞர் மாக்ஸின் நீண்ட நீதிமன்றப் பேச்சு இருக்கிறது. அது எனக்கும் அலுப்புத்தான்.

எல்லோரும் ஒரே கட்டுரை எழுதுகிறார்கள் என்பதில் உண்மை இருக்கிறது. 'தி கிரேட் கேட்ஸ்பி' என்றால் 'அமெரிக்கக் கனவு' என்று எழுதி மதிப்பெண் வாங்குவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தொடரைப் பரவலாக்கியதே ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் 1931இல் எழுதிய நூல்தான். கேட்ஸ்பி வந்ததோ 1925இல். இது வினாத்தாளின் குற்றம். கேள்வியை மாற்றினால் விடை மாறும். நாவலின் தொடக்கத்திலேயே செல்வனான டாம் புக்கானன், வெள்ளை இனம் மூழ்கப்போகிறது என்று ஒரு நூலைக் காட்டி விருந்து மேசையில் பொருமுகிறான். 1920இல் வந்த லோத்ராப் ஸ்டொடார்டின் உண்மையான நூலை நினைவூட்டும் கற்பனை நூல் அது. கதை 1922 கோடையில் நடக்கிறது. அடுத்த ஆண்டு, இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்று பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1924இல் வந்த குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவையே சாத்தியது. டாமின் விருந்துப் பேச்சு வெறும் பணக்கார உளறல்தானா என்று கேட்டுப் பாருங்கள், ஒரே கட்டுரை வராது.

மாணவர்களுக்கு வயது போதாது, அனுபவம் இல்லை என்றும் சொல்வார்கள்; அதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஹக் ஃபின்னுக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலின் ஸ்கவுட், கதை தொடங்கும்போது ஆறு வயதைத் தொடுகிறாள். பெரியவர்கள் பழகிப்போய்ப் பார்க்காமல் விட்டதைச் சொல்ல நாவலாசிரியர்கள் குழந்தைகளைத்தான் தேடிப் பிடித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளிகளின் நூலகத்திலிருந்து ரைட்டின் தன்வரலாறான 'பிளாக் பாய்' உள்ளிட்ட நூல்களை நீக்கியபோது, நீதிமன்றம் போனவர்களும் ஸ்டீவன் பிகோ முதலான மாணவர்கள்தாம். 1982இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

மிச்சம் இருப்பது, இன்றைய அளவுகோல் என்ற புகார். ஸ்டைன்பெக்கின் தோட்டங்களில் மெக்சிகோ, ஃபிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் ஏன் முன்னால் வரவில்லை என்று மாணவர் கேட்டால் காலமுரண் என்கிறார்கள். 1936இல் சான் ஃபிரான்சிஸ்கோ நாளேட்டுக்கு எழுதிய தொடரில் அந்தத் தொழிலாளர்களின் வரலாற்றை எழுதியவர் ஸ்டைன்பெக்தான். அது அவருடைய அளவுகோல். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் விசாரணைக்கு உள்ளாகும் கறுப்பினத்தவனான டாம் ராபின்சன் சாட்சிக் கூண்டுக்கு வெளியே அதிகம் பேசுவதில்லையே என்ற கேள்வியும் புதிதன்று. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' வந்த மறு ஆண்டே, 1853இல், கறுப்பினச் சிந்தனையாளர் மார்ட்டின் டிலேனி, ஸ்டோவுக்கு எங்களைப் பற்றித் தெரியாது என்று ஃபிரெடரிக் டக்ளஸின் பத்திரிகையில் எழுதினார். ஒரு குடும்பத்தை லைபீரியாவுக்கு அனுப்பிவைத்துக் கதையை முடிக்கும் மனப்போக்கையும் அவர் எதிர்த்தார். பிறகு தானே ஒரு நாவல் எழுதினார்: 'பிளேக்', 1859 முதல் தொடராக வந்தது, அதன் நாயகன் ஊர் ஊராகப் போய் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிடுகிறான். 2024இல் பெர்சிவல் எவரெட் ஹக் ஃபின்னின் கதையை ஜிம்மின் வாயால் சொல்ல வைத்தார். அந்த 'ஜேம்ஸ்' நாவலில் ஜிம் படிக்கத் தெரிந்தவன். வெள்ளையர் முன்னால் மட்டும் கொச்சை பேசி நடிப்பவன். ஜிம் இவ்வளவு வெகுளியா என்று எந்த மாணவர் எழுதினாலும் ஓரத்தில் சிவப்பு மையில் 'காலமுரண்' என்று விழுந்திருக்கும். எவரெட்டுக்கு அந்த ஆண்டே தேசிய நூல் விருதும் அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் விழுந்தன.