எம்டனைத் தெரியும், 'அடையாறு' மாலுமிகளைத் தெரியுமா?

சங்க வேலையாக விசாகப்பட்டினம் போயிருந்தேன். ராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளித் தோழர் ஒருவரும் உடன் வந்தார். அங்கே கடற்கரை மணலில் ஏற்றி நிறுத்தியிருக்கும் 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்தோம். சோவியத் நாட்டில் கட்டி, 1969-ல் நம் கடற்படையில் சேர்ந்த கப்பல். 1971 யுத்தத்தில் பணி செய்தது. 2001-ல் ஓய்வு பெற்று, 2002 முதல் காட்சிச்சாலையாக நிற்கிறது.

நீளம் 91 மீட்டர். ஆனால் உள்ளே குனிந்து, வட்டத் துவாரங்களில் நுழைந்துதான் போக வேண்டும். எழுபது பேருக்கு மேல் இதற்குள்ளேயே உண்டு உறங்கி, டீசல் எஞ்சின் வெக்கையில் உழைத்தார்கள்! ஜனங்கள் டார்பிடோ குழாயைப் பார்த்து வியந்தார்கள். தோழரோ எஞ்சின் அறையில் நின்றுவிட்டார். "குண்டு போடுற குழாயை எல்லாரும் பாக்குறாங்க தோழர். இங்க நின்னு வெந்தவனை யாரு நெனைக்கிறாங்க?" என்றார்.

ஊர் திரும்பியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அதற்கு உயர்நீதிமன்றச் சுவரில் கல் பதித்திருக்கிறார்கள். பொல்லாதவனைக் கண்டால் "சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். இருக்கட்டும்.

ஆனால் 1946 பிப்ரவரி 18-ல் பம்பாய் 'தல்வார்' தளத்தில் நம் மாலுமிகள் செய்த கலகம்? மட்டமான சோறு, வெள்ளை அதிகாரிகளின் வசவு, பாரபட்சச் சம்பளம் இவற்றை எதிர்த்து எழுந்தவர்கள், அரசியல் கைதிகளை விடு, இந்தோனேஷியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திருப்பு என்றும் முழங்கினார்கள். 78 கப்பல்கள், சுமார் 20,000 மாலுமிகள்! சென்னை 'அடையாறு' தளத்து மாலுமிகளும் சேர்ந்தார்கள். காங்கிரஸ், லீக், செங்கொடி மூன்றும் கப்பல்களில் ஒன்றாகப் பறந்தன. கம்யூனிஸ்ட் கட்சியின் அழைப்பை ஏற்று, பிப்ரவரி 22-ல் பம்பாய்த் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டாளத்தின் குண்டுக்கு 200 பேருக்கு மேல் பலியானார்கள். தலைவர்களின் யோசனைப்படி சரணடைந்த மாலுமிகளில் பலர் வேலை இழந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகும் கடற்படை அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை. இவர்களைப் பற்றி ராயபுரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

லெனின்கிராடில், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், 'அரோரா' கப்பலைக் காத்து வருவது எதற்காக? அதன் மாலுமிகள் 1917-ல் புரட்சியின் பக்கம் நின்றார்கள் என்பதற்காக அல்லவா!

கப்பலைப் பராமரிக்கப் பெருஞ்செலவு ஆகும் என்பார்கள். உண்மைதான். மும்பையில் காட்சிச்சாலையாக இருந்த 'விக்ராந்த்' கப்பலே 2014-ல் உடைக்க விற்கப்பட்டது. மாமல்லபுரத்தில் 'வாக்லி' நீர்மூழ்கியைக் காட்சிக்கு வைக்கும் திட்டமும் நிறைவேறவில்லை.

கப்பல் வேண்டாம்; துறைமுகத்தருகே ஓர் அறை போதும். மூட்டை தூக்கியவர்களின் கொக்கியும், எஞ்சின் அறைத் தொழிலாளியின் படமும், 1946 மாலுமிகளின் கோரிக்கைகளும் அங்கே இருக்கட்டும். சர்க்காரிடம் இதைக் கேட்போம். அதுவரை, பிப்ரவரி 18 வரும்போதெல்லாம் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் சங்கக் கட்டிடங்களில் பிள்ளைகளைக் கூட்டி இந்த வரலாற்றைச் சொல்வோம். இதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை.