தலைவர் ஓட்டின வண்டியும் தொலையப் போகிற ஆர்.சி. புக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கார் விமர்சனப் பதிவு இல்லை. கொஞ்சம் காட்டமான பதிவு. பழைய கார் விற்கிற புண்ணியவான்கள் யாராவது படித்துவிட்டு வீட்டுக்கு ஆட்டோ அனுப்பினால் அனுப்பட்டும். அந்த ஆட்டோவாவது ஒரிஜினல் கண்டிஷனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். :-)

"விற்பனைக்கு" என்று வருகிற பழைய கார் விளம்பரங்களைப் படிப்பது எனக்கு ஒரு வியாதி. வாங்குவதற்காக இல்லை. எங்கள் ஃபிளாட்டில் ஒரு பைக் நிறுத்தவே செக்ரட்டரியிடம் மனுப் போட வேண்டிய நிலைமை. சும்மா படிப்பேன், அவ்வளவுதான். ஒரு காலத்தில் இந்த விளம்பரங்களில் இருந்த பொய்கள் சாதுவானவை. "டாக்டர் ஓட்டின வண்டி", "சிங்கிள் ஓனர்", "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும்". சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

இப்போது டாக்டர் மார்க்கெட் படுத்துவிட்டது. மகாராஜா வேட்டைக்குப் போன ஃபோர்டு, பெரிய நடிகர் டூயட் பாடின இம்பாலா, எல்லாவற்றுக்கும் மேலே "தலைவர் ஓட்டின வண்டி". தலைவர் என்றால் எம்.ஜி.ஆர். தான். நான் படித்த விளம்பரங்கள் எல்லாம் உண்மை என்றால், மனுஷன் நடிக்கவும் இல்லை, ஆட்சி செய்யவும் இல்லை, வாழ்நாள் முழுக்க கார் மாற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அத்தனையையும் நிறுத்த பாண்டி பஜார் முழுசும் பத்தாது.

எம்.ஜி.ஆர். கார் பார்க்க ஆசை என்றால் தி.நகரிலேயே பார்க்கலாமே. ஆற்காடு தெருவில் அவர் அலுவலகமாக வைத்திருந்த வீடு இப்போது நினைவு இல்லம். அங்கே அவருடைய அம்பாசடர் நிற்கிறது, டி.எம்.எக்ஸ். 4777. முதலமைச்சராக இருந்தபோது சொந்தக் காராக அவர் பயன்படுத்தியது. சாதா அம்பாசடர், இறக்கை முளைத்த அமெரிக்க வண்டி இல்லை. நம்பர் தெரியும், யாருடையது என்று தெரியும், எங்கே நிற்கிறது என்றும் தெரியும். ஒரு காருக்கு வரலாறு என்றால் இதுதான். மற்றதெல்லாம் ஜல்லி.

"ஏன்யா டென்ஷன் ஆகிறாய், கதை சொல்லி விற்கிறான், இஷ்டப்பட்டவன் வாங்குகிறான்" என்று நீங்கள் கேட்கலாம். நானும் போன வருஷம் வரை சிரித்துவிட்டுப் போகிற ஆள்தான். ஒரு வண்டியைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

தி.நகரில் ஒரு பழைய தனி வீடு. தெருப் பேர் வேண்டாம். இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள். பக்கவாட்டில் ஓடு போட்ட கார் ஷெட். உள்ளே 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நாலு கதவு. நாலு டயரும் காற்றில்லாமல் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். விற்கிற பொறுப்பு ஒரு புரோக்கரிடம். அவர் என் நண்பனைக் கூப்பிட, நண்பன் என்னைக் கூப்பிட, போனேன்.

"சார், தலைவர் ஷூட்டிங்ல ஓட்டின வண்டி சார் இது" என்று ஆரம்பித்தார் புரோக்கர். ஆர்.சி. புக் இருக்கிறதா என்று கேட்டேன். முகம் கொஞ்சம் மாறினாலும் எடுத்துக் கொடுத்தார். பழைய காலத்துப் புக், பைண்டிங் விட்டிருந்தது. முதல் பக்கத்தில் இங்க்கில் எழுதின ஒரு பெண்ணின் பெயர். விலாசம் அதே வீடு. பெயருக்குக் கீழே கணவர் பெயர் இல்லை, தகப்பனார் பெயர்தான். முதல் ஓனரே கடைசி ஓனரும். வேறு கையெழுத்தே அந்தப் புக்கில் கிடையாது.

1969ல், தி.நகரில், தகப்பனார் பெயர் போட்டு, தன் பெயரில் புதுக் கார் பதிவு செய்த ஒரு பெண். யார் அவர்? என்ன வேலை பார்த்தார்? அவரே ஓட்டினாரா? கோட்டா, வெயிட்டிங் லிஸ்ட் என்று கார் வாங்குவதே பெரும் தவமாக இருந்த காலம் அது. நான் அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். புரோக்கர் வேறு கணக்கில் இருந்தார்.

"இந்தப் புக்கு இருந்தாத்தான் சார் கதை உதைக்குது. தொலைஞ்சிடுச்சின்னு சொல்லி டூப்ளிகேட் போட்டுக்கலாம். மேல கூரையைத் தூக்கிட்டா கன்வெர்டிபிள் ஆயிடும். டூயட் வண்டி. டபுள் ரேட்டு."

மக்களே, இதில் எத்தனை கொலை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கூரையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஹெரால்ட் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனி வண்டி. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. தனி சேசிஸ் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டின வண்டி என்பதால் கூரையைக் கழற்றுவது சுலபம். அதுதான் அதற்கு வினையாகப் போனது. 1961லிருந்து அது நம் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் தயாரானது, 948 சிசி இன்ஜினோடு. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஸ்டாண்டர்ட். அப்பா, சித்தப்பா யாரையாவது கேளுங்கள், பானெட்டை முழுசாக முன்பக்கம் கவிழ்த்து இன்ஜின் பார்த்த கதையை ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

இங்கிலாந்தில் வந்த ஹெரால்ட் கார் எல்லாமே ரெண்டு கதவுதான். நம் ஊரில் குடும்பத்தோடு போக அது சரிப்படாது. பாட்டி பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி சர்க்கஸ் பண்ண வேண்டும். அதனால் இங்கேயே நாலு கதவு வைத்து ஒரு ஹெரால்ட் செய்தார்கள். உலகத்தில் வேறு எங்கேயும் அது கிடையாது. வெள்ளைக்காரன் வண்டியை மெட்ராஸ்காரன் தன் குடும்பத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றின வண்டி அது. அதன் கூரையை அறுத்து, இங்கிலாந்திலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிற கன்வெர்டிபிள் மாதிரி ஆக்குவதற்கு டபுள் ரேட்டாம்!

அடுத்தது சட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர், 20,000 ரூபாய் கட்டணம், 10 வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கூரை போனால் அசல் வடிவம் போச்சு. டூயட் வண்டி என்று டபுள் ரேட் கொடுத்து வாங்குகிற அப்பாவி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நிற்கும்போதுதான் தெரியும்.

மூன்றாவது அந்தப் புக். என் வயிறு எரிவது இதற்குத்தான். இங்கிலாந்தில் ஒரு பழைய எம்.ஜி.யோ டிரையம்ஃபோ வைத்திருக்கிறவர், கேடன் என்ற ஊரில் இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குச் சேசிஸ் நம்பரை அனுப்பி, பணம் கட்டினால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து அந்த வண்டி எப்போது செய்தது, என்ன கலரில் வெளியே வந்தது என்று சர்டிபிகேட் தருகிறார்கள். வண்டலூர் வண்டிக்கு அப்படிக் கேட்டு வாங்க ஒரு கவுண்டரை நான் பார்த்ததில்லை. ஸ்டாண்டர்ட் கம்பெனி 1988 வாக்கில் உற்பத்தியை நிறுத்தியது. அதனால் நம் காருக்கு ஜாதகம் என்றால் வீட்டு பீரோவில் இருக்கிற அந்தச் சின்னப் புக்தான். முதல் பதிவு, கை மாறின தேதி, விலாசம், சீல், எல்லாம் அதில்தான். இப்போது தருகிற ஸ்மார்ட் கார்டில் இன்றைய ஓனர் பெயரும், அவர் எத்தனையாவது ஓனர் என்ற எண்ணும் இருக்கும். அந்தப் பெண் இருக்க மாட்டார்.

காரில் நடிகர் கதையே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டீவ் மெக்வீன் 'புல்லிட்' படத்தில் ஓட்டின மஸ்டாங் 2020ல் அமெரிக்காவில் 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கதைக்குத்தான் அந்த விலை. ஆனால் அந்தக் கதைக்குக் காகிதம் இருந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்று 1977ல் மெக்வீனே ஓனருக்கு எழுதின கடிதம். நம்ம ஆள் என்ன காட்டுவார்? டாஷ்போர்டில் ஒட்டின ஸ்டிக்கரைக் காட்டுவார்.

நண்பன் ஒருவன் சொல்கிறான்: "கதை இல்லன்னா அந்த வண்டி புதுப்பேட்டைக்கு இரும்பு விலைக்குப் போயிருக்கும்டா. பொய்யோ மெய்யோ, பிழைச்சுதே." இதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். தி.நகரில் ஷெட் வைத்த வீடுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. வண்டியை வைத்துக்கொள்ள இடம் இல்லை. யாராவது வாங்கினால்தான் உண்டு. கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் மியூசியம், வடபழனியில் 2023ல் திறந்த ஏவி.எம். ஹெரிட்டேஜ் மியூசியம் மாதிரி இடங்கள் இருப்பதால் கொஞ்சம் வண்டிகள் தப்பின. ஆனால் கூரையும் போய், புக்கும் போய், பொய்யான ஒரு கதையோடு பிழைக்கிற வண்டி எந்த வண்டி? இன்னொன்றும் நடக்கும். பத்து பொய்க் கதை கேட்டு ஏமாந்தவன், பதினோராவதாக நிஜமான காகிதத்தோடு வருகிறவனையும் நம்ப மாட்டான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், ஹெரால்டின் தம்பி கெசல் 1972ல் வந்தது. நாலு கதவு, மெட்ராஸ் மேக். பின்பக்கம் கூத்தாடுகிற ஹெரால்ட் ஆக்ஸிலை மாற்றி நேரான ஆக்ஸில் போட்ட வண்டி. 1970களின் பிற்பாதி வரை ஓடியது. அந்த வண்டிகள் வரிசையாக 50 வயசைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. அதாவது, இனி அத்தனை புரோக்கர்களின் பார்வையும் அதன் மேல்தான்.

சரி, அந்த ஹெரால்டுக்கு வருவோம். புரோக்கரிடம் சொன்னேன், "அண்ணே, புக்கைத் தொலைச்சிடாதீங்க. தலைவர் கதையை விட இந்தம்மா கதைதான் பெரிசு. கூரையில கை வைக்காதீங்க." பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்காரர்களுக்கும் நண்பன் மூலமாக ஒரு மெயில் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. போன வாரம் அதே வண்டியின் விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. கூரை இருக்கிறது, சந்தோஷம். தலைவர் காணோம். அதற்குப் பதிலாக எழுதியிருந்தது: "பிரபல நடிகை சொந்தமாக ஓட்டிய கார்".

பி.கு: உங்கள் தாத்தா வீட்டு ஷெட்டில் ஹெரால்டோ கெசலோ நின்றுகொண்டிருந்தால், விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். அதற்கு முன்னால் ஆர்.சி. புக்கைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் இருக்கிற ஆள் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பதிவு போடுங்கள். முதல் பின்னூட்டம் என்னுடையது.