ஓடுபாதைக்கு அப்பால் 300 மீட்டர்!

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி. இரவு நேரம். கோழிக்கோட்டில் நல்ல மழை.

துபாயில் இருந்து 190 பேருடன் வந்த விமானம் கரிப்பூர் விமான நிலையத்தில் இறங்கியது. கொரோனா காலத்தில் ஊர் திரும்பியவர்கள் அவர்கள். சொந்த மண்ணைத் தொட்டாகிவிட்டது. ஆனால் விமானம் நிற்கவில்லை! ஓடுபாதையைத் தாண்டி ஓடியது. பள்ளத்தில் பாய்ந்து பிளந்தது. விமானிகள் இருவர் உள்பட 21 பேர் மாண்டார்கள்.

2010-ம் ஆண்டு மே 22-ந் தேதி மங்களூரில் நடந்ததும் இப்படித்தான். அந்த விமானமும் துபாயில் இருந்து வந்ததே. அதில் இருந்த 166 பேரில் 158 பேர் பலியானார்கள். தப்பியவர்கள் 8 பேர்தான்.

இரண்டு இடங்களிலும் விமானம் தரையைத் தொட்ட பிறகுதான் ஆபத்து வந்தது. அப்படியானால் ஓடுபாதையை எப்படித் திட்டமிடுகிறார்கள்?

காற்றைப் பார்த்துப் போடும் பாதை

ஓடுபாதை போடுமுன் முதலில் பார்ப்பது காற்றை. பல ஆண்டுகளாகக் காற்று எந்தத் திசையில் அதிகம் வீசுகிறது என்று கணக்கு எடுக்கிறார்கள். விமானம் எதிர்காற்றில் ஏற வேண்டும். எதிர்காற்றில் இறங்க வேண்டும். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு வேகம் தானாகக் குறைவது தெரியும். விமானத்துக்கும் அப்படித்தான்.

அந்தத் திசையையே எண்ணாக ஓடுபாதையில் எழுதி வைக்கிறார்கள். சென்னை மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையில் ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் இருக்கும். வடக்கில் இருந்து வலமாகச் சுமார் 70 பாகை, 250 பாகை என்பதே இதன் பொருள். கடைசி சுழியை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது நீளம். வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடும். லேசான காற்று இறக்கையைச் சரியாகத் தாங்காது. அதனால் விமானம் அதிக தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். லே போன்ற மலை ஊர்களிலும் இதே தொல்லைதான். ஆகவே ஆண்டிலேயே வெப்பம் மிகுந்த மாதத்தை மனதில் வைத்து நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். மழைநீர் தேங்காமல் வழிய, பாதையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி இருபுறமும் சரிவு வைக்கிறார்கள்.

யார் மீது தவறு?

மங்களூர், கரிப்பூர் இரண்டும் குன்றின் மேல் அமைந்தவை. உச்சியைச் சமப்படுத்திப் போட்ட பாதைகள். முனையைத் தாண்டினால் பள்ளம்!

இரண்டு விபத்துகளிலும் விமானியின் தவறே காரணம் என்று விசாரணை கூறியது. மங்களூரில், மீண்டும் மேலே எழும்பிவிடலாம் என்று துணை விமானி சொல்லியும் விமானி கேட்கவில்லை. கரிப்பூரில் பின்னால் இருந்து காற்று தள்ளியது. ஓடுபாதையில் ஏறக்குறைய பாதி கழிந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது.

தவறு விமானியுடையதுதான். அத்துடன் கதை முடிந்துவிட்டதா? இல்லை. மனிதன் தவறுவான் என்பதையும் சேர்த்தே திட்டம் போட வேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுகிறோம். எல்லோரும் விழுவார்கள் என்றா கட்டுகிறோம்? ஒரு குழந்தை தவறினாலும் காப்பாற்றவேண்டும் என்றுதானே!

ஓடுபாதைக்கும் அப்படி ஒரு கைப்பிடிச் சுவர் உண்டு. முனைக்கு அப்பால் 60 மீட்டர் சமதளம். அதற்கும் அப்பால் குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்பு வெளி. அந்த வெளி 240 மீட்டர் இருப்பதே நல்லது என்கிறது சர்வதேச விதி. ஆக மொத்தம் 300 மீட்டர்!

அந்த வெளியில் என்ன நிற்கிறது என்பதும் முக்கியம். 2024-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி தென்கொரியாவின் முவான் நகரில் ஒரு விமானம் சக்கரம் இறங்காமல் தரையில் உராய்ந்தபடி ஓடியது. முனைக்கு அப்பால் சுமார் 250 மீட்டரில் இருந்த கான்கிரீட் மேட்டில் மோதியது. 181 பேரில் 179 பேர் மாண்டார்கள்.

இடமே இல்லை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. எளிதில் நொறுங்கும் லேசான கான்கிரீட் படுகையை முனையில் போடுகிறார்கள். விமானத்தின் சக்கரம் அதில் ஆற்று மணலில் புதைவது போலப் புதைந்து வேகம் குறைகிறது. நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் 1999, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் ஓடுபாதையைத் தாண்டிய விமானங்களை இது பிடித்து நிறுத்தியிருக்கிறது. 2005-ல் நின்றது ஒரு ஜம்போ விமானம்!

நிலம் யாருடையது?

கரிப்பூரில் விபத்துக்குப் பிறகு பாதுகாப்பு வெளியை 240 மீட்டராக்க முயன்றார்கள். ஓடுபாதையைக் குறைத்து இடம் எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பாதை குறைந்தால் பெரிய விமானங்கள் வராது என்று எதிர்ப்பு கிளம்பியது. முடிவில் கேரள அரசு அதற்கான நிலத்தைக் கையகப்படுத்தியது.

வரைபடத்தில் அது ஒரு சிறு கட்டம். அங்கே குடியிருந்தவர்களுக்கோ வீடு, தென்னை, கிணறு! பறப்பவர்களின் உயிரைக் காக்க, பறக்காதவர்களும் நிலம் கொடுக்கவேண்டியிருக்கிறது. ஆகவே நியாயமான விலையும் மாற்று இடமும் தாமதம் இல்லாமல் கிடைக்கவேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கக்கூடாது. திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இந்தச் செலவை எழுதவேண்டும்.

புது விமான நிலையம் என்றதும், "ஓடுபாதை எவ்வளவு நீளம்?" என்றே எல்லோரும் கேட்கிறார்கள். "ஓடுபாதை முடிந்த பிறகு என்ன இருக்கிறது?" என்றும் கேட்கவேண்டும். கோழிக்கோடும் மங்களூரும் உயிர்களைக் கொடுத்துக் கற்றுத்தந்த கேள்வி அது.