மோட்டரின் விலை கடை பில்லிலா, கரண்ட் பில்லிலா?

நீச்சல் தடாகத்துக்கு மோட்டர் மாற்ற வருபவர்களில் அநேகமானோர் கேட்கும் முதல் கேள்வி, "ஒன்றரை எச்.பி. என்ன விலை நானா?" என்பதே. இரண்டாவது கேள்வி, "இதைவிடக் குறைவாக ஒன்றும் இல்லையா?" மூன்றாவது கேள்வி கிடையாது. இந்த மோட்டர் மாதம் எத்தனை யுனிட் இழுக்கும் என்று கேட்டவர்களை எனது ஹார்ட்வெயார் வியாபாரத்தில் விரல் விட்டு எண்ணி விடலாம்.

தடாகமா, அது பணக்காரர் விடயம் என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். பேருவளைப் பக்கமும் அறுகம்பே பக்கமும் ஐந்தாறு அறைகளுடன் விருந்தினர் விடுதி நடத்தும் எம்மவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டவர் அறை பதிவு செய்ய முன்னர் தடாகம் இருக்கிறதா என்று பார்ப்பதால் முற்றத்தில் சிறியதாக ஒன்றைக் கட்டியும் விட்டார்கள். கொழும்பைச் சுற்றி வீட்டிலேயே கட்டியவர்களும் உண்டு. கட்டும்போது டைல் தெரிவு செய்ய நான்கு கடை ஏறி இறங்குவார்கள். மோட்டர் மட்டும் பாஸ் சொன்னதுதான். டைல் கரண்ட் குடிப்பதில்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை.

முன்பு இது பெரிய விடயமாக இருக்கவில்லை. 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் கூட்டப்பட்டது. அதன் பின்னர் சில தடவை குறைத்தார்கள், சில தடவை கூட்டினார்கள். எப்படியும் பழைய காலத்துக் கணக்கில் மோட்டர் வாங்கும் நாட்கள் முடிந்து விட்டன.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நீளம் 10 மீற்றர், அகலம் 5 மீற்றர், சராசரி ஆழம் 1.4 மீற்றர் உள்ள தடாகத்தில் 70,000 லீற்றர் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர் நாளுக்கு ஒரு தடவையாவது பில்டருக்குள் போய் வர வேண்டும். ஒன்றரை எச்.பி. சாதாரண மோட்டர் ஏறத்தாழ ஒன்றரை கிலோவொட் இழுக்கும் என்று வையுங்கள். நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் 12 யுனிட். மாதம் 360 யுனிட்.

வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 180 யுனிட்டுக்கு மேலே போகும் ஒவ்வொரு யுனிட்டும் உச்சப் படியில் விழும். தடாகம் உள்ள வீட்டில் ஏ.சி.யும் பிரிட்ஜும் மற்றதும் சேர்ந்தே 180ஐத் தாண்டியிருக்கும். ஆகவே மோட்டர் குடிக்கும் 360 யுனிட்டும் முழுக்க முழுக்க உச்ச விலையில்தான். பில்லின் மொத்தத் தொகையை மொத்த யுனிட்டால் பிரித்துச் சராசரி எடுத்து, "பரவாயில்லையே" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இப்போது வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மோட்டர்கள் வந்திருக்கின்றன. விலையைக் கேட்டதும் வாடிக்கையாளர் முகம் மாறும். சாதாரண மோட்டரைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூடச் சொல்வார்கள். ஆனால் உள்ளே இருக்கும் சங்கதி இதுதான்: மோட்டரின் வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், ஆனால் தேவைப்படும் சக்தி எட்டில் ஒன்றாகி விடும். இது புத்தகக் கணக்கு. மோட்டருக்குள்ளும் கார்டுக்குள்ளும் வீணாவதைச் சேர்த்தால் ஆறில் ஒன்று என்று எடுப்பதே நியாயம். லொறி ஓட்டும் சகோதரர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, மிதித்து ஓட்டினால் டீசல் எப்படிப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மேற்சொன்ன தடாகத்தில் பாதி வேகத்தில் பத்து மணித்தியாலம் ஓட்டினால் இரண்டரை யுனிட். அடியில் உறிஞ்சித் துப்புரவாக்க ஒரு மணித்தியாலம் முழு வேகத்தில் விட்டால் இன்னும் ஒன்றரை. நாளுக்கு 4, மாதம் 120. மிச்சம் 240 யுனிட். ஒரு யுனிட்டைக் கணக்குக்காக 50 ரூபா என்று போட்டால் மாதம் 12,000 ரூபா. மோட்டருக்கு ஒன்றரை இலட்சம் கூடக் கொடுத்திருந்தாலும் பன்னிரண்டு பதின்மூன்று மாதத்தில் அந்தப் பணம் திரும்பி விடும். ஒரு வருடத்தில் முதலைத் திருப்பித் தரும் சாமான் வேறு எந்தச் சந்தையில் கிடைக்கிறது? அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இந்த அளவுத் தடாக மோட்டர்களில் புதிதாகத் தயாராவதும் இறக்குமதியாவதும் அநேகமாக இந்த வகையாகவே இருக்க வேண்டும் என்றாகி விட்டது.

இதைப் படித்து விட்டு மேல் டாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டருக்கும் இதே கணக்கைப் போட வேண்டாம். தடாகத்தில் தண்ணீர் எடுத்த இடத்துக்கே திரும்பி வருகிறது, உயரத்துக்குத் தூக்கும் வேலை இல்லை. அதனால்தான் மெதுவாக ஓட்ட முடிகிறது. மூன்றாம் மாடி டாங்கிக்கு மெதுவாக ஓட்டினால் தண்ணீர் பாதி வழியில் நின்று விடும், கரண்ட் மட்டும் போய்க் கொண்டிருக்கும்.

எல்லோருக்கும் விலை கூடியதையே விற்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பிள்ளைகள் குளிக்கும் சிறிய தொட்டி அளவுத் தடாகத்துக்கு நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓடும் முக்கால் எச்.பி. சாதாரண மோட்டர் தாராளமாகப் போதும். அங்கே கூடக் கொடுத்த பணம் இலகுவில் திரும்பாது. அதேபோல பழைய மோட்டர் உறுமுகிறது, சுழலவில்லை என்று வந்தால் முதலில் கெபாசிட்டரைப் பார்க்க வேண்டும். சிறிய செலவில் முடியும் வேலைக்குப் புது மோட்டர் கட்டி அனுப்பும் கடைகளும் இருக்கத்தான் செய்கின்றன. பெயர் சொல்லத் தேவையில்லை, வாடிக்கையாளர்களுக்கே தெரியும்.

மோட்டர் வாங்கும்போது எச்.பி. எழுத்தைப் பார்ப்பதை விட்டு, தகட்டில் பீ1, பீ2 என்று கிலோவொட் கணக்கு இருந்தால் அதைப் பாருங்கள். பீ2 மோட்டர் வெளியே தரும் சக்தி, பீ1 கரண்டில் இருந்து இழுப்பது. கரண்ட் பில் வருவது பீ1க்குத்தான். இரண்டு கம்பனி மோட்டரிலும் ஒன்றரை எச்.பி. என்று இருக்கும், பீ1 வேறு வேறாக இருக்கும். வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டு வந்து தரும் மோட்டராக இருந்தால் 50 ஹேர்ட்ஸா 60 ஹேர்ட்ஸா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். எங்கள் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்.

"பழையது ஒன்றரை, இந்த முறை இரண்டாகப் போடுவோம், தண்ணீர் நன்றாகச் சுத்தமாகும்" என்பது இன்னொரு பிழையான எண்ணம். பில்டர் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் தள்ளினால் அழுக்கு மணலில் தங்காமல் தடாகத்துக்கே திரும்பி வரும். ஒன்றரை அங்குலப் பைப்பில் பெரிய மோட்டரைப் பூட்டினால் அதன் பலத்தில் பெரும் பங்கு பைப்போடு சண்டை பிடிப்பதிலேயே போய் விடும். மோட்டர் மாற்றும் அன்றே வெளியே தெரியும் பைப்பை இரண்டு அங்குலமாக்கி, மோட்டர் வாயருகே இருக்கும் எல்போக்களைக் குறைப்பது அதைவிட இலாபம்.

செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு, டைமரைக் குறைப்பது. எட்டு மணித்தியாலம் ஓடுவதை ஆறாக்கி ஒரு கிழமை தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் மாதம் 90 யுனிட் மிச்சம். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருக்கும் ஹோட்டல்கள் பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை மோட்டரை நிறுத்தி வைப்பது நல்லது, அந்த நான்கு மணித்தியாலம்தான் யுனிட் விலை கூடியது. இதை முதலில் சொல்லி விட்டுப் பிறகு மோட்டர் விற்பவரே எனது கணக்கில் வியாபாரி. அன்றைக்கு ஒரு விற்பனை பிந்தலாம், ஆனால் அந்த ஆள் மச்சானையும் கூட்டிக் கொண்டு வருவார்.

வேகம் மாற்றும் மோட்டரின் பலவீனம் அதன் எலெக்ட்ரோனிக் கார்ட்தான். இடி மின்னலும் வோல்ட் ஏற்ற இறக்கமும் அதற்குப் பகை, கடற்கரை உப்புக் காற்றும் ஆகாது. எர்த் சரியாக இல்லாத இடத்தில் அதைப் பூட்டக் கூடாது. மின்னலைத் தாங்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றையும் சேர்த்தே போட வேண்டும், மேலே ஒரு கூரையும் வேண்டும். கார்ட் போனால் இங்கே கிடைக்குமா, என்ன விலை, யார் பூட்டித் தருவார் என்று வாங்க முன்னரே கேளுங்கள். உத்தரவாதம் மோட்டருக்கு மட்டுமா கார்டுக்கும் சேர்த்தா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

எங்கள் கடையில் தடாக மோட்டருக்கு விலை எழுதிக் கொடுக்கும்போது விலைக்குக் கீழே மாத யுனிட் கணக்கையும் எழுதுகிறோம். அதைப் பார்த்து விட்டு இரண்டு நாள் யோசித்து வருபவர்கள் உண்டு. பக்கத்துக் கடையில் மலிவானதை வாங்கிக் கொண்டு போகிறவர்களும் உண்டு. கார்ட் கையிருப்பில் இல்லாத வகையை மட்டும் நான் றாக்கையில் வைப்பதில்லை.