மின்சாரம் சேற்றைக் கழுவாது

"கடலுக்கடியில் மின்சாரம் பாய்ச்சினால் பவளப்பாறை மீண்டுவிடும்; மலைத்தோட்டங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்கிறார்கள். இரண்டுமே தவறு.

2020 ஜனவரியில் குஜராத்தின் மிட்டாப்பூர் கடலில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை இதைச் செய்து பார்த்தது. சூரியசக்தித் தகடு தரும் மெல்லிய மின்னோட்டம் இரும்புச் சட்டத்தில் பாயும். கடல்நீரில் கரைந்துள்ள கனிமங்கள் சுண்ணாம்பாகப் படியும். கட்டிவைத்த பவளத்துண்டு அதைப் பற்றிக்கொள்ளும். நல்ல உத்திதான். ஆனால் அது தருவது ஒட்டி வளர ஓர் இடம். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் ஹிக்கடுவைப் பவளங்கள் வெளிறிச் செத்தன. அந்தச் சூட்டை எந்தக் கம்பியும் தணிக்காது.

சேற்றையும் அகற்றாது. இரத்தினபுரியில் புல் செதுக்கி வெறுமையாக விட்ட தேயிலைச் சரிவில் ஒரு மழை பெய்யட்டும். கானில் ஓடும் தண்ணீர் செம்மண் குழம்பாகிவிடும். மாணிக்கக் குழிகளின் மண்ணும் சேர, களுகங்கை அதைக் களுத்துறைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. சேறு மூடிய பவளத்துக்கு வெயில் எட்டாது.

ஆகவே வேலை மலையிலும் இருக்கிறது. கான்களைத் தூர்வாருவதும் வெறும் சரிவைத் தழையால் மூடுவதும் தோட்ட நிர்வாகங்களின் கடமை. அதைச் செய்யும் தொழிலாளிக்கு முழுக் கூலி கொடுங்கள். அதன்பின் கடலில் கம்பி நாட்டுவதைப் பற்றிப் பேசலாம்.