சுழலிறகை இகழ்வோர்க்கு

ஜெட் யுகத்தில் நம் ராணுவத்துக்குச் சுழலிறகு விமானம் எதற்கு, அது பழம்பொருளன்றோ என்று பெரம்பலூர் நண்பர் வினவியிருப்பது, வெளித்தோற்றத்தைக் கண்டு உள்ளியந்திரத்தை மறந்ததால் வந்த வினை. இன்றைய சுழலிறகு விமானமான டர்போபிராப்பின் இறகைச் சுழற்றுவதும் ஜெட்டில் உள்ளது போன்ற வாயுச்சுழலியே.

அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கச் சாலையில் சிமெண்ட் லாரியின் பின்னே ஒரு நாழிகை சென்றவர்க்கு என் வாதம் எளிதில் விளங்கும். அத்தகைய புழுதியும் சரளையும் மண்டிய தரையில், இறக்கையின்கீழ்த் தாழத் தொங்கும் ஜெட் எஞ்சின் கல்லை உறிஞ்சிக் கெடும். நம் டர்போபிராப் போக்குவரத்து விமானமான ஆன்-32-இலோ, எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே அமைந்திருப்பதால், நீண்ட இறகுகளுக்கு இடம் கிடைப்பதோடு புழுதியும் எளிதில் எட்டுவதில்லை. கான்பூரில் நாம் கட்டும் சிறிய டார்னியர் விமானமும், தரை தொட்டதும் இறகின் கோணத்தை எதிர்ப்புறம் திருப்பித் தன் ஓட்டத்தை அடக்கவல்லது.

லடாக்கில் 16,000 அடிக்கு மேலுள்ள தௌலத் பேக் ஓல்டியின் மண்தளத்தில், 43 ஆண்டுகளுக்குப் பின் 2008 மே 31 அன்று இறங்கியது 'பழம்பொருள்' எனப்பட்ட இந்த ஆன்-32தான். 2016-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குப் புறப்பட்டு 29 பேருடன் மறைந்ததும் ஆன்-32 அன்றோ என்கிறார் நண்பர். அத்துயரம் பெரிதே, ஆயினும் ஒரு விமானத்தின் துர்க்கதி சுழலிறகின் குற்றமாகிவிடாது. முதிர்ந்த ஆவ்ரோ விமானங்களுக்கு மாற்றாக 2021-ல் 56 எண்ணிக்கைக்கு ஒப்பந்தமான சி-295-உம் டர்போபிராப்தான்.